சிவப்புப் புள்ளியும் ஐம்பது மீட்டரும்: மதுக்கடை மேப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மதுக்கடைகளை மேப்பில் குறித்து, அதை வைத்து மனு கொடுப்பது, தெருமுனையில் ஒட்டுவது, கூட்டத்தில் பேசுவது என்று சில வருடங்களாக அலைந்துகொண்டிருக்கிறோம். போகிற இடமெல்லாம் அதே சந்தேகங்கள்தான். போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மேப் போட்டு ஒட்டினா கடையை மூடிடுவாங்களா சார்?

மாட்டார்கள். மேப்பைப் பார்த்து மனம் மாறி ஷட்டரை இறக்கச் சொன்ன அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. அரசே முடிவெடுத்து மூடும், 2016இல் 500, 2017இல் 500, 2023 ஜூனில் 500 என்று மூடியதுபோல. இல்லாவிட்டால் நீதிமன்றம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தெருப் பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும்.

மேப் இந்த மூன்றுக்கும் முந்தைய வேலை. 500 கடைகளை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் அடுத்த கேள்வி "எந்த 500?" என்பதுதானே, அந்த நேரத்தில் "எங்க ஏரியாவுல ரொம்பத் தொந்தரவு சார்" என்று சொல்கிறவரும், அளந்த தூரத்தோடு ஒரு தாளை மேஜையில் வைக்கிறவரும் ஒன்றல்ல.

இது யாரோட ஐடியா? நம்ம ஊர்ல யாரும் பண்ணி நான் கேள்விப்பட்டதில்லையே.

ஐடியா பழசு. 1880களில் இங்கிலாந்தின் மதுவிலக்குக்காரர்கள் இதை நிறையச் செய்தார்கள். லண்டன் மேப்பில் மதுக்கடைக்கு ஒரு சிவப்புப் புள்ளி என்று ஆயிரக்கணக்கில் வைத்து, அதற்கு "லண்டனின் நவீனக் கொள்ளைநோய்" என்ற பொருளில் தலைப்பும் வைத்தார்கள். மேப்பைப் பார்த்தால் நகரத்துக்கே அம்மை போட்டதுபோல இருக்கும். ஆக்ஸ்போர்டு நகரத்துக்கு 1883இல் இதே மாதிரி ஒன்று வந்தது.

கொள்ளைநோய் என்ற பெயர் சும்மா வரவில்லை. 1854இல் லண்டனில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்னோ செத்தவர்களின் வீடுகளை மேப்பில் குறித்து, பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுற்றித்தான் சாவுகள் குவிந்திருக்கின்றன என்று காட்டினார். அந்த ஸ்னோவே குடியைத் தொடாதவர், மதுவிலக்கு இயக்கத்தில் இருந்தவர். ஆனால் அதே தெருவில் இருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் காலராவில் சாகவில்லை, ஆலையில் பீர் கிடைத்ததால் பம்புத் தண்ணீர் பக்கம் அவர்கள் போகவில்லை. மேப் நம் கட்சிக்காரர் இல்லை, உள்ளதைத்தான் காட்டும் என்பதற்காக இந்தக் கதையை எங்கள் பையன்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இன்னொரு வகையும் உண்டு. 1908இல் அமெரிக்காவில் ரயில் பாதை மேப் போலவே ஒன்று வந்தது. ஒரு பாதை சொர்க்கத்துக்குப் போகும், குடிப் பாதை நாசத்தில் போய் முடியும். நம் பாட்டி வீட்டுப் பரமபதப் படம்தான், பாம்புக்குப் பதில் ரயில். பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அதை வைத்துக் கலெக்டரிடம் மனு கொடுக்க முடியாது. இந்தப் பக்கம் முழுக்கப் புள்ளி வைக்கும் மேப்பைப் பற்றித்தான்.

கடை எங்க இருக்குன்னு குடிக்காதவனுக்கும் தெரியும். இதுக்கு எதுக்கு மேப்பு?

தன் தெருக் கடை தெரியும். அடுத்தடுத்து நான்கு கடைகள் எப்படி நிற்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் முதல் மேப் முழுச் சென்னைக்கும் போட்டது. 426 சதுர கிலோமீட்டர் ஊரை ஒரு சார்ட்டில் அடைத்தோம். எல்லாரும் "அடேயப்பா" என்றார்கள், போய்விட்டார்கள். அடுத்து ஒரு வார்டுக்கு மட்டும் போட்டு ஒரு தையல் கடைச் சுவரில் ஒட்டினோம். பிளவுஸ் வாங்க வந்த ஒரு ஆயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதலில் தேடியது ரேஷன் கடையை. அங்கே விரலை வைத்து, பால் பூத்துக்கு நகர்த்தி, தன் தெருவைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சிவப்புப் புள்ளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், "இத்தைத் தாண்டித்தான் எம் பேத்தி டியூஷன் போவுது" என்றார். நாங்கள் வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வார்டு, சில சமயம் நான்கே தெரு, அதற்கு மேல் போடுவதில்லை. மேப்பைப் பார்க்கிற யாரும் முதலில் தேடுவது தன் வீட்டை. வீடு கிடைக்காத மேப்பை ஜனங்கள் படமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் ஸ்டாப், கோயில், மசூதி, சர்ச், தண்ணீர் டேங்க் எல்லாம் கடைக்கு முன்னால் மேப்பில் ஏற வேண்டும்.

50 மீட்டர்னு ஒருத்தர் சொல்றாரு, 100ங்கிறாரு இன்னொருத்தர், 500னு பேப்பர்ல வந்துச்சு. எதுங்க சரி?

மூன்றும் சரி, மூன்றும் வேறு வேறு இடத்துக்கு. சில்லறை விற்பனையை அரசே கையில் எடுத்த 2003ஆம் வருடத்து விதிப்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது, மற்ற ஊர்களில் 100 மீட்டர். ஆக, சென்னைக்கு 50. நான்கு மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் முடிந்துபோகும் தூரம்.

500 என்பது நெடுஞ்சாலைக் கணக்கு. வழக்கறிஞர் பாலு நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 20,000 பேருக்கு மேல் இல்லாத ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற இடங்களுக்கு இந்தத் தடை இல்லை என்று அதே நீதிமன்றம் விளக்கிவிட்டது. இது தெரியாமல் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டி மாநகராட்சிக்குள் 500 மீட்டர் வட்டம் போட்டு, கலரெல்லாம் அடித்து, ஆசையாக எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மனு எழுதுகிற அன்றைக்கு விதி எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கூகுள் மேப்லயே அளந்துட்டேன், 38 மீட்டர்தான் வருது. போதுமில்ல?

போதாது. அந்த 38 காக்கா பறக்கிற கணக்கு. விதி கேட்பது ஆள் நடந்து போகும் வழி: கடை வாசலின் நடுவிலிருந்து, பள்ளியின் கேட்டுகளில் ஆகக் கிட்ட இருக்கிற கேட்டின் நடு வரைக்கும், சாதாரணமாக மனிதர்கள் நடக்கும் கிட்டமான பாதையில்.

நாங்களும் இதில் மாட்டினோம். மொபைலில் நேர்க்கோடு போட்டுத் தைரியமாக ஒரு அலுவலகத்தில் நீட்டினோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர், திட்டவில்லை. மேப்பைத் திருப்பி வைத்து, "நடுவுல இந்தச் செவுரு இருக்கே, இதை ஏறிக் குதிச்சா போவாங்க பசங்க?" என்று கேட்டார். சுற்றிக்கொண்டு போனால் 61 மீட்டர். அன்றைக்கு அந்த மனுவில் இருந்த மற்ற இரண்டு கடைகளும், சரியாக அளந்தவை, கூடவே அடிபட்டுப் போயின.

30 மீட்டர் டேப் ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் வம்பில்லை. இரண்டு பேர் டேப் பிடிக்க, ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் வீடியோ எடுக்க, ஒருவர் எழுத. மொபைல் ஜி.பி.எஸ்.ஸை நம்பி 50 மீட்டர் வழக்கைப் பேசாதீர்கள், வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் தவறும், நம் சந்துகளில் இன்னும் தள்ளிப்போகும்.

"அது கமர்ஷியல் ஏரியா, தூரக் கணக்கே செல்லாது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சும்மா சொல்றாங்களா?

சும்மா இல்லை, அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திட்டக் குழுமம் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று வகைப்படுத்திய இடங்களில் அந்த 50 மீட்டர் பொருந்தாது. ஆனால் தெருவில் நாலு மளிகைக் கடையும் ஒரு செல்போன் கடையும் இருந்தால் அது வணிகப் பகுதி ஆகிவிடாது. சென்னையின் திட்டக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் நிலப் பயன்பாட்டு மேப்பில் அந்த சர்வே எண்ணுக்கு என்ன வகை போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் இது இருக்கிறது. ஆகவே உங்கள் மேப்புக்குப் போட்டி இன்னொரு மேப், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

சி.எம்.டி.ஏ. இருப்பது எழும்பூர் காந்தி இர்வின் சாலையில். டாஸ்மாக் தலைமை அலுவலகமும் அதே சாலையில், சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது கட்டடத்தில். கலெக்டரிடம் போகலாம் என்றால் அந்த அலுவலகம் ராஜாஜி சாலையில். சாராயத்துக்கு எதிராக மனு எடுத்துக்கொண்டு காந்தி சாலைக்கும் ராஜாஜி சாலைக்குமாக அலைகிற பாக்கியம் சென்னைக்காரர்களுக்கு மட்டும்தான்.

கடைங்க லிஸ்ட் எங்க சார் கிடைக்கும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் வர வேண்டும். கடை எண், முகவரி, பார் அனுமதி உண்டா, மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பட்டியல் வந்ததும் அப்படியே மேப்பில் ஏற்றாதீர்கள், ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய்ப் போர்டில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள். இடம் மாறிய கடை, மூடிய கடை எல்லாம் பழைய முகவரியிலேயே உட்கார்ந்திருக்கும். மூடிய கடை ஒன்று மேப்பில் இருந்தால் எதிராளி அதை மட்டும்தான் பேசுவார். கியூவில் நிற்கிறவர்களைப் படம் எடுக்க வேண்டாம், போர்டு மட்டும் போதும்.

புள்ளியைக் கொஞ்சம் பெருசா போட்டா பார்க்கிறவங்களுக்கு உறைக்கும்ல? என்ன தப்பு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1:50,000 அளவில் அச்சடித்த மேப்பில் 4 மில்லிமீட்டர் புள்ளி வைத்தால் அது தரையில் 200 மீட்டர் அகலம். ஒரே கடை, நான்கு தெருவை விழுங்கி நிற்கும். நாலு கடை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஏரியாவே சிவந்துவிடும். முன்னே சொன்ன லண்டன் மேப்புக்கும் பாதி பலம் இதனால்தான் வந்தது. அவ்வளவு பெரிய நகரம், அவ்வளவு சின்னத் தாள், புள்ளிகள் நெருங்காமல் என்ன செய்யும்?

தெருமுனையில் ஒட்டுகிற மேப்புக்குக் கொஞ்சம் பெரிய புள்ளி வைப்பதில் எனக்குப் பெரிய மன உறுத்தல் இல்லை, தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டுமே. ஆனால் ஓரத்தில் அளவுகோல் கட்டாயம் இருக்க வேண்டும். மனுவோடு இணைக்கிற மேப்பில் புள்ளியே வேண்டாம், கடை வாசலில் ஒரு சின்னக் குறி, பள்ளி கேட்டில் ஒரு குறி, நடுவில் நடந்த பாதை, அதன் மேல் மீட்டர். எங்கள் குழுவில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்து, ஒரு தம்பி இரண்டு மாதம் பேசாமல் இருந்தான்.

மாவட்ட வாரியா கலர் அடிச்சு, அதிகமா குடிக்கிற மாவட்டம் கறுப்புன்னு போடலாமா?

அழகாக இருக்கும், ஏமாற்றும். தமிழ்நாட்டு மேப்பில் சென்னை கடுகளவு, பரப்பில் ஆகச் சின்ன மாவட்டம். அதைக் கறுப்படித்தாலும் வெள்ளையடித்தாலும் கண்ணில் படாது, ஆனால் ஜனம் இங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்த பகுதியை வெள்ளையாகவும் மற்றதைக் கறுப்பாகவும் காட்டும் மேப்புகள் போட்டார்கள். ஆள் குறைந்த அகன்ற மாவட்டங்கள் வெள்ளையானதும் நாடே நம் பக்கம் என்று தோன்றியது, கறுப்பாக மிஞ்சிய சின்ன இடங்களில்தான் பெரிய நகரங்கள் இருந்தன. 1919இல் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது, 1933இல் திருப்பி எடுத்தார்கள்.

நம் ஊருக்கு எண் வேண்டுமானால், 2011 கணக்கெடுப்பின் ஏழே கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான ஜனத்தை 2023இல் மிஞ்சிய 4,829 கடையால் வகுத்தால் கடைக்குச் சுமார் 15,000 பேர் வரும், கைக்குழந்தை உட்பட.

கடை பக்கத்துலதான் அடிதடி அதிகம்னு மேப்லயே தெரியுதே, அப்ப கடைதானே காரணம்?

இருக்கலாம், ஆனால் மேப் அதைச் சொல்லவில்லை. கடை வைக்கிற இடம் எது? பஸ் ஸ்டாண்ட், சந்தை, வாடகை குறைந்த தெரு, கூலி வேலைக்காரர்கள் நடமாடும் இடம். அடிதடியும் அங்கேதான் கூடுதலாக நடக்கும், கடை இல்லாவிட்டாலும் ஓரளவு நடக்கும். இரண்டு புள்ளி பக்கத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் பிள்ளை ஆகாது. ஸ்னோகூட மேப்போடு நிற்கவில்லை, வீடு வீடாகப் போய் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார்.

நீங்களும் கேட்கலாம். ஒரு கடை மூடியபின் அந்தத் தெருவில் என்ன மாறியது என்று ஆறு மாதம் குறித்து வையுங்கள்.

50 மீட்டருக்கு வெளிய இருந்தா ஒண்ணுமே பண்ண முடியாதாண்ணே?

சட்டத்தின் தூரம் வேறு, பிள்ளைகளின் தூரம் வேறு. 70 மீட்டரில் இருக்கிற கடையின் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும் என்றால், விதிப்படி அந்தக் கடையில் குறை இல்லை. அதற்கு வேறு மேப் போடுகிறோம், அதில் வட்டம் கிடையாது, வழி மட்டும்தான். பிள்ளைகளிடமே வெற்று மேப்பைக் கொடுத்து, நடந்து போகிற வழியை ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொன்னோம். ஒரு பெண் நேர் வழியை விட்டுவிட்டு இரண்டு தெரு சுற்றி வரைந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு "அந்தப் பக்கம் போவ மாட்டேன் அங்கிள்" என்றாள், அவ்வளவுதான். அந்தச் சுற்று வழியைப் பச்சையில் தடிமனாகப் போட்டு ஒட்டினோம். நாங்கள் அடித்த மேப்பிலேயே அதிகம் பேர் நின்று பார்த்தது அதுதான்.

கடையை இடம் மாற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் இறந்தார். ஒரு கடை, ஒரு இடம், அதற்கு ஒரு உயிர். வழியை வரைகிற வேலையாவது நாம் உருப்படியாகச் செய்யலாம்.

எங்க தெருவுல மூடினா பக்கத்துத் தெருவுல திறக்கப் போறாங்க. அப்புறம் என்ன லாபம்?

நியாயமான கேள்வி. 2017இல் நடந்தது இதுதான். நெடுஞ்சாலைக் கடைகள் ஏப்ரலில் மூடின, அவற்றைக் குடியிருப்புகளுக்குள் நகர்த்தப் பார்த்தபோது ஊர் ஊராகப் பெண்கள் மறித்தார்கள். அதனால் ஒரு கடையை எதிர்க்கும்போதே, அது நகரக்கூடிய இடங்களில் எவையெல்லாம் விதிப்படி கூடாதவை என்பதையும் அளந்து அதே மேப்பில் போடுகிறோம். பக்கத்துத் தெருக்காரர்களையும் முதல் நாளே கூப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் உங்கள் மேப்பைக் கிழிப்பார்கள், கிழித்ததில் தப்பும் இல்லை.

உங்க மேப்பைப் பார்த்துதான் பின்பக்கம் ஒரு கடை இருக்கிறதே தெரிஞ்சுது பாஸ், தேங்க்ஸ்!

வருடத்துக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். பரவாயில்லை. வழி தெரியாததால் குடிக்காமல் இருந்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கள்ளச்சாராயம் விக்கிற இடத்தையும் குறிக்கலாமா?

வேண்டாம். குறித்தவர் யார் என்று விற்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். போலீசில் எழுதிக் கொடுங்கள், மேப்பில் ஏற்றாதீர்கள்.

ஆனால் மேப்பில் புள்ளி இல்லாத இடம் சாராயம் இல்லாத இடம் என்று நினைத்துவிடக் கூடாது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கமும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள், கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். அந்தச் சாராயம் எந்தப் பட்டியலிலும் இல்லாதது, நம் மேப்பில் அது வரவே வராது. "கடையை மூடினா இதைத்தான் குடிப்பாங்க" என்று எதிராளி சொல்வார். கடைகள் திறந்திருந்தபோதுதான் இத்தனை சாவும் நடந்தது என்று நான் பதில் சொல்வேன். அந்தப் பேச்சு அத்தோடு முடியாது என்பதும் தெரியும்.

முழு மதுவிலக்குதான் வேணும்னா, ஒவ்வொரு கடையா புள்ளி வச்சிட்டு உக்காந்திருக்கிறது எதுக்கு?

எங்கள் குழுவிலேயே இதில் இரண்டு கட்சி. முழு மதுவிலக்கு கேட்பது பெரிய கட்சி, ஒவ்வொரு கடையாகப் போவோம் என்பது சின்னக் கட்சி. நான் சின்னக் கட்சி. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியபோது மாகாணம் முழுவதும் செய்யவில்லை, சேலம் மாவட்டத்தில் மட்டும். அடுத்த வருடம் சித்தூர், கடப்பை, 1939இல் வட ஆர்க்காடு. போன வருமானத்தை ஈடுகட்ட விற்பனை வரி கொண்டுவந்தார். முழு மாகாணத்துக்கும் வந்தது ஓமந்தூரார் காலத்தில், 1948இல். 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. அந்தக் கால மாவட்ட மேப்பை எடுத்து வருடத்துக்கு ஒன்றாகக் கலர் அடித்தால் அணைத்து அணைத்து ஏற்றும் சீரியல் லைட் மாதிரி இருக்கும்.

இன்றைக்கு வருடம் 45,000 கோடிக்கு மேல் டாஸ்மாக்கிலிருந்து அரசுக்கு வருகிறது. கூடவே, முழுத் தமிழ்நாட்டையும் வெள்ளையடித்தாலும் புதுச்சேரியும் காரைக்காலும் மேப்பின் நடுவே கலர் மாறாமல் நிற்கும். பெரிய கட்சிக்காரர்கள் அதையெல்லாம் பார்த்துக்கொள்ளட்டும், நான் டேப்பைப் பிடிக்கிறேன்.

குடிச்சு நாசமான வீடுகளையும் குறிச்சா இன்னும் உருக்கமா இருக்குமே?

கூடவே கூடாது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கும். கடை அரசாங்கத்துடையது, அதைக் குறிக்க நமக்கு உரிமை இருக்கிறது. வீடு அவர்களுடையது.

கடையை மூடிட்டாங்க! புள்ளியை அழிச்சிடலாமா?

வாழ்த்துகள். அழிக்காதீர்கள். சிவப்பை எடுத்துவிட்டு வெறும் வளையமாக வைத்து, பக்கத்தில் மூடிய தேதியை எழுதுங்கள். எங்கள் வார்டு மேப்பில் அப்படி ஒரு வளையம் இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது மாவு மில் ஓடுகிறது. பழைய கடை எண் ஷட்டரில் இன்னும் முழுதாக அழியவில்லை, மாவுத் தூசி படிந்து பாதி தெரிகிறது. மதியம் 12 மணிக்கு இன்னமும் ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.